சிரிக்காமல் இருந்தால் போதுமா?



சினிமா பற்றி எழுதுவது இப்பக்கத்தின் வழக்கமல்ல. எனினும் 1947இல் அமெரிக்காவில் வெளியான 'ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்' என்ற படத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். யூதர்கள் மீதான வெறுப்பைப் பேசும் படம். அது நமக்கெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வாடகைக்கு வீடு கேட்டுப் போய், பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரரின் முகம் மாறுவதைக் கண்டவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

லாரா ஹாப்சனின் நாவலைத் தழுவி எலியா கசான் இயக்கியது. கிரிகரி பெக் ஏற்ற பாத்திரம் ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையாளர். கட்டுரை எழுதுவதற்காகத் தம்மை யூதர் என்று சொல்லிக்கொள்கிறார். அவ்வளவுதான்! முகம் அதே முகம். ஆனால் விடுதியில் அறை தர மறுக்கிறார்கள். மகனைத் தெருச் சிறுவர்கள் ஏசி விரட்டுகிறார்கள். அவருடைய செயலாளரான யூதப் பெண்ணுக்குச் சொந்தப் பெயரில் கிடைக்காத வேலை, வேறு பெயரில் விண்ணப்பித்ததும் அதே பத்திரிகையில் கிடைத்திருக்கிறது! (முற்போக்குப் பத்திரிகையாம்.) அந்தப் பெண்ணே, 'கண்ட யூதர்களும்' வேலைக்கு வந்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறாள்.

இவர்களையெல்லாம் விட நம்மை யோசிக்க வைப்பவள், அவர் மணக்கவிருக்கும் கேத்தி. நல்லவள். இக்கட்டுரைக்கான யோசனையே அவளுடையதுதான். விருந்தொன்றில் ஒருவன் யூதரை இழித்துக் கதை சொல்கிறான். தனக்கு உடம்பே கூசிப்போனதாக யூத நண்பர் டேவிடம் பின்னர் சொல்கிறாள். அவர் விடாமல் கேட்பது ஒன்றே ஒன்று: அப்போது நீ என்ன செய்தாய்? ஒன்றும் செய்யவில்லை! மேசையிலிருந்த யாருமே செய்யவில்லை.

டேவுக்கோ குடியிருக்க வீடில்லை. கேத்தியின் வீடு காலியாகக் கிடக்கிறது. அந்த ஊரில் யூதருக்கு வீடில்லை என்று எழுதிய பத்திரம் கிடையாது. பெரிய மனிதர்களுக்குள் ஒரு வாய்ப்பேச்சு, படத்தின் பெயரே அதுதான். பத்திரமென்றால் வழக்காடலாம். இனத்தைக் காட்டி வீடு விற்கத் தடைபோடும் பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாய்ப்பேச்சை எந்த நீதிமன்றம் ரத்து செய்யும்? அவள் வாய் திறந்தால்தான் உண்டு. கடைசியில் வீட்டை டேவுக்குக் கொடுக்கிறாள்.

படத்தில் குறையும் உண்டு. நாயகர் நினைத்த நாளில் பழைய பெயருக்குத் திரும்பிவிடலாம். டேவால் முடியுமா?

டேவாக நடித்த ஜான் கார்ஃபீல்டு நிஜத்திலும் யூதரே. கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த 1951இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரை அழைத்தது. எவரையும் காட்டிக்கொடுக்க மறுத்தார். பட வாய்ப்புகள் அற்றுப்போய், 1952இல் 39 வயதில் மாரடைப்பால் இறந்தார். அதே ஆண்டு அதே குழுவின் முன் அமர்ந்து, பழைய தோழர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு வந்தவர், இந்தப் படத்துக்காக ஆஸ்கார் வாங்கிய கசான்.