காற்பந்துக் கணிப்பும் ‘ஏனெனில்’ என்ற சொல்லும்

ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் போதும், நம் ஊர் உணவுக்கடைகளில் கணியர்கள் பெருகிவிடுவார்கள். இவர்களிடம் பஞ்சாங்கம் கிடையாது, சோழியும் கிடையாது. ஒரு குவளை தே தாரிக்கும் ஒரு கைப்பேசியும் இருந்தால் போதும். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் இம்முறை வெற்றிக்கிண்ணம் யாருக்கு, முதல் நான்கு இடங்கள் யார் யாருக்கு, கீழே இறங்கப்போகும் மூன்று குழுக்கள் எவை என்று ஒருவர் தொடங்குவார். அடுத்த மேசைக்காரர் முகத்தைச் சுளிப்பார். பிறகென்ன? நள்ளிரவு வரை ஓயாத வழக்காடல்தான்!

நானும் அம்மேசைகளில் அமர்ந்து தொண்டை வறளப் பேசியவன்தான். ஆகவே, இதனை வீண்வேலை என்று கூற வரவில்லை. இருபது குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள், ஏறத்தாழ ஒன்பது மாதங்கள். இத்தனையையும் பந்து உருளும் முன்பே மனத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்லதொரு மூளைப் பயிற்சி. என் குறை வேறு. ஆகஸ்டில் மேசையைத் தட்டிச் சொன்னதை மே மாதத்தில் எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. “நான் அப்பவே சொன்னேன்ல?” என்பவர்கள் மட்டுமே எஞ்சுகிறார்கள். அப்படிச் சொன்னதற்குச் சான்றும் கிடையாது. ஏன் சொன்னார்கள் என்பதும் நினைவில் கிடையாது.

இதைப் பற்றி நான் தீவிரமாக எண்ணத் தொடங்கியது 2024 ஆகஸ்டில். ஓய்வு நேரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சிலர் சிற்றுண்டிச்சாலையில் இதே வழக்காடலை நடத்திக்கொண்டிருந்தனர். சிரித்துக்கொண்டே கடந்து போக நினைத்தேன். அப்போது ஒருவன் சொன்னான்: “சிட்டி ஒன்றரை கோல் கொடுத்தா நான் எதிர்ப்பக்கம் எடுப்பேன்டா.”

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வலுவான குழு எதிர்க்குழுவுக்கு அரைக் கோலோ ஒன்றரைக் கோலோ முன்கூட்டியே ‘கொடுப்பது’ என்பது சூதாடிகளின் கணக்கு. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு தண்ணீர் பட்ட பாடாக இருந்தது! சரி, சிட்டி ஏன் அதிகக் கோல் வேறுபாட்டில் வெல்லாது என்று கருதுகிறாய் என்று கேட்டேன். திருதிருவென விழித்தான். “தெரியலையே ஐயா. விலை அப்படித்தான் வந்திருக்கு.”

அவனை நான் கண்டிக்கவில்லை. அவ்விலையை அவன் எங்கே கேட்டிருப்பான் என்பது எனக்குத் தெரியும். பந்தயத்தில் பணத்தை விட்டு, மோட்டார் சைக்கிளை விட்டு, மனைவியின் நகையையும் விட்ட குடும்பங்களை நம் தோட்டப்புறங்களிலும் அடுக்குமாடிகளிலும் பார்க்காத தமிழாசிரியர் இருக்க முடியாது. 2010-இல் விளையாட்டுப் பந்தயத்துக்கு உரிமம் வழங்கும் எண்ணம் நம் அரசாங்கத்துக்கு எழுந்தது. எதிர்ப்பு வலுக்கவே அது கைவிடப்பட்டது. உரிமம் இல்லாமலேயே நடப்பதுதான் நடந்துகொண்டிருக்கிறது. ஆயினும் அன்று என்னை அதிகம் உறுத்தியது சூது அன்று. காரணம் இருக்க வேண்டிய இடத்தில் விலை வந்து உட்கார்ந்துகொண்டதே, அதுதான்.

மறுநாள் தமிழ்ப் பாடத்தில் இணைப்பிடைச்சொல் கற்பிக்க வேண்டியிருந்தது. ‘ஏனெனில்’, ‘ஆகவே’, ‘எனினும்’. ஆண்டுதோறும் கற்பிக்கிறேன், ஆண்டுதோறும் “மழை பெய்தது, ஏனெனில் குடை பிடித்தேன்” என்று எழுதித் தருகிறார்கள். அம்முறை பயிற்றியை மூடிவிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். வெற்றியாளர் யார், முதல் நான்கு குழுக்கள் எவை, இறங்கும் மூன்று எவை என்று எழுதவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ‘ஏனெனில்’ என்று ஒரு வாக்கியமும் இருக்கவேண்டும். விலை, பந்தயம் ஆகிய சொற்களுக்கு இடமில்லை. காற்பந்தில் நாட்டமில்லாத பிள்ளைகளுக்கு முந்தைய ஆண்டின் புள்ளிப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நானும் ஒரு தாள் எழுதினேன். எல்லாவற்றையும் பெரிய உறையில் இட்டு, ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

2025 மே மாத இறுதியில் பருவம் முடிந்தது. பிள்ளைகள் ஆறாம் ஆண்டுக்கு ஏறியிருந்தனர். உறையைப் பிரித்தோம்.

பெரும்பாலோர் மென்செஸ்டர் சிட்டி என்றே எழுதியிருந்தனர். அதுவரை தொடர்ந்து நான்கு முறை வென்ற குழு, வேறெதை எழுதுவார்கள்? சிட்டி 71 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்தில் முடித்தது. கிண்ணம் 84 புள்ளிகளுடன் லிவர்பூலுக்குப் போயிற்று. “லிவர்பூல் வெல்லாது, ஏனெனில் குளோப் போய்விட்டார், புதிய ஆட்டக்காரர்களையும் அதிகம் வாங்கவில்லை” என்று எழுதியவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டனர். ஆர்னே சுலோட் என்ற புதிய பயிற்றுநர், தாம் சேர்ந்த முதல் பருவத்திலேயே பழைய ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு வென்றுவிட்டார்.

ஒரு மாணவனின் தாளைத் தனியே எடுத்து வைத்தேன். “சிட்டி வெல்லும். ஏனெனில் நடுத்திடலில் ரோட்ரி இருக்கும்போது அவர்கள் தோற்பது அரிது.” அவ்வளவுதான் எழுதியிருந்தான். 2024 செப்டம்பரில் அர்செனலுக்கு எதிரான ஆட்டத்தில் ரோட்ரியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. பருவத்தின் பெரும்பகுதி அவர் ஆடவேயில்லை, சிட்டியும் சரிந்தது. “ஐயா, எனக்குத் தப்புதானே?” என்று கேட்டான். கணிப்பு தப்புத்தான். ஆனால் அந்த வகுப்பில் மிகச் சரியான ‘ஏனெனில்’ அவனுடையதே. அவன் சொன்ன தூண் சாய்ந்தது, வீடும் சாய்ந்தது. கடை மேசையில் அவன் தோற்றவன். என் மேசையில் அவனுக்கு முழுப் புள்ளி.

இதற்கு நேர்மாறும் நடந்தது. இறங்கப்போகும் மூன்று குழுக்களைப் பலர் அச்சுப் பிசகாமல் எழுதியிருந்தனர்: சௌதாம்ப்டன், இப்ஸ்விச், லெஸ்டர் சிட்டி. காரணம் கேட்டால், “போன வருஷமும் புதுசா வந்த மூணும் இறங்கிடுச்சு.” உண்மைதான். 2023-24 பருவத்தில் லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட் ஆகிய மூன்றும் மேலே வந்த ஆண்டிலேயே இறங்கின. ஆனால் இது காரணமா, பார்த்தெழுதுதலா? புதிதாக வரும் குழுக்களிடம் நல்ல ஆட்டக்காரர்களை வாங்கப் போதிய பணமில்லை என்று ஒரே ஒருவன் எழுதியிருந்தான். அது காரணம்.

பார்த்தெழுதுதல் என்றதும் எனக்கே சுருக்கென்றது. பள்ளி தொடங்கியதும் ஒவ்வொரு பிள்ளையும் என்ன அடைவுநிலையை எட்டுவான் என்று நாங்களும் இலக்கு எழுதுகிறோம் அல்லவா? கடந்த ஆண்டுப் புள்ளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறிது கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுகிறோம். எத்தனை பேருக்கு ‘ஏனெனில்’ எழுதினேன் என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை.

பெரியவர்களுடன் இதைப் பேசினால் உடனே லெஸ்டர் சிட்டியை இழுத்துக்கொண்டு வருவார்கள். 2015-16 பருவத்தின் தொடக்கத்தில் அக்குழு வெல்வதற்குப் பந்தய நிறுவனங்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று விலை வைத்திருந்தன. 81 புள்ளிகள் பெற்று, இரண்டாவதாக வந்த அர்செனலைவிடப் பத்துப் புள்ளிகள் கூடுதலாக எடுத்து லெஸ்டர் வென்றது. முந்தைய ஆண்டின் வெற்றியாளரான செல்சியோ பத்தாம் இடத்துக்குச் சரிந்தது. “பார்த்தீர்களா வாத்தியாரே, எதுவும் நடக்கலாம்! காரணமாவது மண்ணாவது!” என்பார்கள்.

நான் அதை ஏற்பதில்லை. லெஸ்டர் 2014-15 பருவத்தில் பதினான்காம் இடம். பட்டியல் அவ்வளவைத்தான் காட்டியது. ஆனால் அப்பருவத்தின் கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழில் அவர்கள் வென்றிருந்தார்கள். கிறிஸ்துமசின்போது அடிமட்டத்தில் கிடந்த குழு அது! அதோடு 2015-இல் பிரான்சின் கான் குழுவிலிருந்து கான்டேயையும் வாங்கியிருந்தார்கள். சான்றுகள் கண்முன்னே கிடந்தன. கிண்ணத்தை வெல்வார்கள் என்று சொல்ல அவை போதா. பயிற்றுநர் ரனியேரியும் அதற்கு முன்புதான் ஃபாரோ தீவுகளிடம் கிரேக்க அணி தோற்றதால் வேலை இழந்து வந்தவர். எனினும், லெஸ்டர் பலருடைய மதிப்பீட்டைவிடச் சிறந்த குழு என்று சொல்ல அவை போதும். கண்மூடித்தனமாக ஒரு பவுண்டு வைத்து ஐயாயிரம் பெற்றவரைவிட, “இக்குழு இவ்வாண்டு பத்தாம் இடத்துக்குள் வரும், ஏனெனில்...” என்று எழுதியவர் யாரேனும் இருந்திருந்தால், அவருக்கே நான் மாலையிடுவேன்.

உண்மையிலேயே கணிக்க முடியாத ஒன்று உண்டென்றால், அது பிரீமியர் லீக்குக்கு அடுத்த நிலையில் உள்ள சாம்பியன்ஷிப்பின் பிளே-ஆஃப்தான். அங்கே 46 ஆட்டங்கள். முதலிரண்டு குழுக்கள் நேரே மேலே போய்விடும். அவற்றுக்கு அடுத்த இடங்களில் உள்ள குழுக்கள் தங்களுக்குள் மோதி ஒன்று மட்டும் போகும். 2014-இல் நம் நாட்டுத் தோனி பெர்னாண்டசுக்குச் சொந்தமாக இருந்த குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் வெம்ப்ளியில் டெர்பியைச் சந்தித்தது. டெர்பி 85 புள்ளிகள், ரேஞ்சர்ஸ் 80. பத்துப் பேருடன் ஆடிக்கொண்டிருந்த ரேஞ்சர்சுக்காகத் தொண்ணூறாம் நிமிடத்தில் பாபி சமோரா ஒரே கோலை அடித்தார். ஐந்து புள்ளி கூடுதலாக எடுத்த டெர்பி கீழேயே நின்றுவிட்டது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி வெகுண்டாள். “வருஷம் முழுக்க நல்லா ஆடினவங்களை ஒரே நாள்ல எப்படி ஐயா தோக்கடிக்கலாம்?” 2021-இல் அகற்றப்பட்ட யுபிஎஸ்ஆர் தேர்வைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

சரி, ஐயாவின் தாளில் என்ன இருந்தது? பிள்ளைகள் விடுவார்களா? நான் 1999 முதல் மென்செஸ்டர் யுனைடெட் இரசிகன். “யுனைடெட் நான்காம் இடம். ஏனெனில் 2024 மே மாதம் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் சிட்டியையே 2-1 என வீழ்த்தியவர்கள்” என்று எழுதியிருந்தேன். யுனைடெட் 42 புள்ளிகளுடன் பதினைந்தாம் இடத்தில் முடித்தது. ஒன்றரைக் கோல் பேசிய அதே மாணவன் தாளை வாங்கி உரக்கப் படித்தான். பிறகு சிவப்பு மையை எடுத்து என் ‘ஏனெனில்’லுக்குக் கீழே கோடிட்டு, பக்கத்தில் எழுதினான்: “ஐயா, ஒரு மேட்சு காரணம் ஆகாது.”

அத்தாள் இன்னும் என் அலமாரிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது.