சொந்த ஊர் எதுங்கய்யா?

விருத்தாசலத்துல பீங்கான் சூளை வேலை பார்த்த பெரியவர், மூச்சிரைப்போட வந்தார். சொந்த ஊர் கேட்டேன். சொன்ன ஊர் இப்ப இல்லைங்க, நெய்வேலி சுரங்கத்துக்குள்ள போயிடுச்சு.

பசிபிக்ல பனாபான்னு ஒரு குட்டித்தீவு. 1900-லேர்ந்து பாஸ்பேட்டுக்காகத் தோண்டினாங்க. 1945-ல அந்த மக்களை ஃபிஜி பக்கம் ராபி தீவுக்குக் கப்பலேத்திட்டாங்க. அங்க போயும் பழைய நாலு ஊர்ப் பேரையே வச்சுக்கிட்டாங்க பாருங்க!

இங்க 1957-ல தோண்ட ஆரம்பிச்சது. 2023 ஜூலைல வளையமாதேவியில நெற்பயிர் மேல பொக்லைன் இறங்கினப்பவும் பேச்சு ஏக்கருக்கு எவ்வளவுங்கறதுதான். கரண்ட் வேணும்தான், நானும் ஏசிலதான் உக்காந்திருக்கேன். ஆனா குலதெய்வத்துக்கும் சுடுகாட்டுக்கும் என்ன ரேட் போடுவீங்க? மாற்றுக் குடியிருப்புக்குப் பழைய ஊர்ப் பேரையாவது வைங்க.

பெரியவர் ஓபி சீட்டுல அவர் சொன்ன ஊரையே எழுதினேன்.