கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு?

பணம் ஊராருடையது. பள்ளி ஊராருடையது. அங்கே பயிலும் பிள்ளைகளும் ஊராரின் பிள்ளைகளே. ஆயினும், கணக்குக் கேட்கும் உரிமை மட்டும் ஊராருக்கு இல்லையென்றால், அதனை மக்களாட்சி என்பது பொருந்துமா? அமெரிக்கப் பெருநகரங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடிவரும் வினா இது.

அந்நாட்டில் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பைப் 'பள்ளி மாவட்டம்' என்பர். அவற்றுள் மிகப் பெரியது நியூயார்க். அதன் ஆண்டுச் செலவு 3,000 கோடி டாலரையும் தாண்டும். அடுத்தது லாஸ் ஏஞ்சல்ஸ். அந்த மாவட்டம் 57 கோடி டாலருக்கு மேல் கொட்டிக் கட்டிய பள்ளி வளாகம் ஒன்றினை 2010-ல் திறந்தது. அதே காலத்தில், பணமில்லை எனக் கூறி, ஆசிரியர்களை ஆயிரக்கணக்கில் வேலையிலிருந்து நீக்கிற்று! கட்டடத்துக்கெனத் திரட்டிய கடனைச் சம்பளத்துக்குத் தொடக்கூடாது என்றனர். சட்டம் அப்படித்தான். ஆனால், ஒரே வளாகத்துக்கு இத்தனை கோடி வேண்டுமா என்று கேட்டுத் தடுக்கும் வலிமை யாரிடம் இருந்தது? 2013-ல் மாணவர் அனைவருக்கும் ஐபேட் வழங்கும் 130 கோடி டாலர் திட்டத்தைத் தொடங்கினர்; மறு ஆண்டே அதனை நிறுத்தினர்.

'பெரிதாக இருப்பதுதான் நோய். கூறுபோடுங்கள்' என்பார் உளர். அந்த மருந்தையும் நியூயார்க் உண்டு பார்த்தது. தங்கள் பகுதிப் பள்ளிகளைத் தாங்களே ஆள வேண்டும் என்று கறுப்பினப் பெற்றோர் கிளர்ந்தெழுந்ததன் பின், 1969-ல் வந்த சட்டம் நகரை முப்பதுக்கு மேற்பட்ட சிறு மாவட்டங்களாகப் பிரித்தது. உள்ளூர்க் குழுக்களுக்குத் தேர்தல் நடந்தது. வாக்களிக்க வந்தோரோ மிகச் சிலர். விளைவு? சில மாவட்டங்களில் பள்ளிப் பதவிகள் வேண்டியவர்க்கு வழங்கும் வெகுமதிகளாயின. 2002-ல் அதிகாரம் மேயரிடம் குவிக்கப்பட்டது.

குவித்தால் நலம் விளையுமா? சிக்காகோ விடை கூறுகிறது. அங்கே 1988-ன் சட்டம் பள்ளிதோறும் மன்றம் அமைத்து, பெற்றோருக்கு மிகுதியான இடமும், தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அளித்தது. 1995-ல் நகரக் கல்விக் குழு மேயரின் பிடிக்குள் சென்றது. 2013-ல், பெற்றோர் தெருவில் திரண்டு எதிர்த்தும், ஏறத்தாழ ஐம்பது பள்ளிகள் மூடப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஏழைக் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள்! மக்கள் ஓயவில்லை. 2024 நவம்பரில் அக்குழுவின் உறுப்பினர்களுள் ஒரு பகுதியினரைத் தம் வாக்கால் முதன்முறையாகத் தேர்ந்தெடுத்தனர்.

பகிர்ந்தளித்த அதிகாரம் கண்காணிப்பார் இன்றிக் குறுநில மன்னர்களை வளர்த்தது. குவித்த அதிகாரம் கேட்பார் இன்றிப் பேரரசரை வளர்த்தது. ஆகவே, அளவை மாற்றுவது மட்டுமே சீர்திருத்தம் ஆகாது. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவை வெளியிடவேண்டும் என 2015-ல் அமெரிக்க நடுவணரசு சட்டமியற்றியது. நல்ல தொடக்கம்! ஆனால், ஏட்டில் ஏறிய கணக்கு தானாகப் பேசாது. அதைப் படித்துக் கேள்வி கேட்கும் பெற்றோரும், விடை கூறாதவரைப் பதவியிலிருந்து இறக்கும் வாக்குச்சீட்டும் வேண்டும். கிடைத்த வாக்குச்சீட்டைப் பயன்படுத்தும் விழிப்பும் வேண்டும். அந்த விழிப்பு உறங்கும் ஊரில், சிறிய மாவட்டமாயினும் பெரிய மாவட்டமாயினும், இழப்பு குழந்தைக்கே!