முதல் மாத்திரைக்குப் பிறகு

இளம்பிள்ளையில் நெய்தால்தான் கூலி. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறச் சேலம் செல்லும் தறித் தொழிலாளி, முதல் மருந்து பலன் தராவிட்டால் மீண்டும் செல்வாரா?

பலன் தராமை அரிதன்று. 2006-இல் வெளியான அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்திலேயே நோய்க்குறிகள் நீங்கியோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே; மருந்தை மாற்றியோ, இன்னொன்றைச் சேர்த்தோ மேலும் பலர் தேறினர். மருந்து வேலை செய்யச் சில வாரங்களாகும். அளவு போதுமா, தைராய்டு குறைபாடோ மதுவோ இடையூறா என்றும் பார்க்க வேண்டும். அத்தனைக்கும் தொடர்ந்து வர வேண்டும். ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலியைத் தின்னும். பாதியில் நின்றவரை 'மருந்துக்குக் கட்டுப்படாத நோயாளி' என்பது அநியாயம்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறது. அதே ஊழியர் ஆறாம் வாரத்தில் மனச்சோர்வு நோயாளியின் உறக்கத்தையும் மாத்திரையையும் விசாரித்து, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்குத் தெரிவிக்கலாமே. மருந்தை மாற்றுவதை அவர் முடிவு செய்யட்டும்.