லேப்டாப்பில் ஓடும், கைப்பேசியில் ஓடாது

ஸ்ரீரங்கத்துக்கு வரும் பக்தர் எந்தத் திருச்சுற்றில் நிற்கிறார், தாயார் சன்னதிக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்டும் இணையப் பக்கம் ஒன்றை இறுதியாண்டு மாணவர் ஒருவர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திருச்சியில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, ஏழு சுற்றுக் கோயிலும் பக்கத்திலேயே இருக்கிறது. யாருக்கும் தோன்றக்கூடிய புராஜெக்ட்தான். லேப்டாப்பில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று தட்டினால் பக்கம் வருகிறது, இருப்பிட அனுமதி கேட்கிறது, வரைபடத்தில் புள்ளி விழுகிறது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துக்கொண்டு உத்திர வீதிக்குப் போய், அதே பக்கத்தைக் கைப்பேசியில் 192.168 என்று தொடங்கும் முகவரியில் திறந்தால் புள்ளியைக் காணோம். அனுமதி கேட்கும் பெட்டிகூட எழும்பாது. நிரலில் ஒரு பிழையும் இல்லை. பூட்டில்லாத ‘எச்டிடிபி’ வழியில் வரும் பக்கத்துக்கு இருப்பிடத்தைச் சொல்வதில்லை என்று குரோம் 2016-லேயே முடிவெடுத்துவிட்டது. கேமராவுக்கும் அதே கதிதான். லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விலக்கு, அங்கே தகவல் கணினியை விட்டு வெளியே போவதில்லை என்பதால்.

அந்த விலக்கு நியாயமானதுதான். ஆனால் அதன் நிழலிலேயே வலை நிரல் பழகுபவர்கள், பக்கத்துக்குப் பூட்டுப் போடத் தேவையான சான்றிதழ் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். ஆகவே முதல் பயிற்சியிலிருந்தே, ஆய்வகக் கணினியில் ஓடும் சர்வரிலும் பூட்டுள்ள ‘எச்டிடிபிஎஸ்’ இருக்க வேண்டும் என்கிறேன். சோழர் செப்பேடுகளில் ஏடுகளை ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் மூட்டில் அரச முத்திரையைப் பதித்தார்கள். நடுவில் ஓர் ஏட்டைச் செருக முடியாது. கொடுத்தவர் யார் என்பதிலும் ஐயமில்லை. லால்குடிப் பக்கம் அன்பிலில் கிடைத்த செப்பேட்டைப் பற்றிப் பெருமை பேசும் ஊர்க்காரர்களுக்கு எச்டிடிபிஎஸ் செய்யும் வேலையை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

‘சர்வரில் ஏற்றும்போது பார்த்துக்கொள்ளலாமே’ என்பார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் 2015-லிருந்து சான்றிதழை இலவசமாகவே தருகிறது, உண்மைதான். ஆனால் கோளாறுகள் அந்தக் கடைசி நாளில்தான் வரிசையாக வந்து நிற்கும். பூட்டிய பக்கத்துக்குள் பூட்டாத முகவரியிலிருந்து இழுக்கும் ஸ்கிரிப்ட்டை உலாவி தடுத்துவிடும். வேறு தளத்துக்குள்ளிருந்து அழைக்கும்போதும் உடன்போக வேண்டிய குக்கீயை, ‘செக்யூர்’ குறி இல்லாவிட்டால் 2020 முதல் குரோம் ஏற்பதில்லை. மாதக்கணக்கில் எழுதியதை வைவாவுக்கு முந்தின இரவு திருத்துவதைவிட, முதல் நாளே தெரிந்துகொள்வது மலிவு.

இன்னொரு சாரார், தாமே கையொப்பமிட்ட சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டு, எச்சரிக்கைப் பக்கம் வந்ததும் ‘அட்வான்ஸ்டு’, அப்புறம் ‘புரொசீட்’ என்று இரண்டு தட்டில் கடந்துவிடுகிறார்கள். ஸாம்ப் போன்ற தொகுப்புகளோடு அப்படியொரு சான்றிதழ் கூடவே வருகிறது. இதற்கு எச்டிடிபியே தேவலை. வங்கித் தளத்தில் யாரோ இடைமறிக்கும்போது வருவதும் இதே எச்சரிக்கைதான். நாளைக்கு நவல்பட்டு ஐடி பூங்காவில் உட்காரப் போகிற விரலுக்கு அதைப் படிக்காமல் தட்டும் பழக்கத்தைக் கல்லூரியிலேயே ஏற்றிவிடுகிறோம். சரியான வழி கடினமும் அல்ல. எம்கே-செர்ட் என்ற இலவசக் கருவியில் ஒரு கட்டளை அந்தக் கணினிக்கென்று ஒரு சான்றளிப்பகத்தை உருவாக்கி உலாவியை நம்ப வைக்கும். அடுத்த கட்டளை லோக்கல்ஹோஸ்டுக்கும் அந்த 192.168 முகவரிக்கும் சேர்த்தே சான்றிதழ் தரும். அந்தச் சான்றளிப்பகத்தின் சொந்தச் சான்றிதழான ரூட் சான்றிதழைக் கைப்பேசியிலும் நிறுவிவிட்டால் உத்திர வீதியில் புள்ளி விழும்.

எனக்கே தயக்கம் தரும் ஆட்சேபம் ஒன்றுதான்: ஆளுக்கொரு சான்றளிப்பகம் ஆபத்தில்லையா? ஆபத்துதான். அந்த ரூட்டின் ரகசியச் சாவி கையில் கிடைத்தவர், அதை நம்பும் கணினியிடம் எந்த வங்கியின் பெயரிலும் போலி முகம் காட்டலாம். 2014 ஜூலையில் தேசிய தகவல் மையத்தின் சான்றளிப்பகத்திலிருந்து கூகுள் முகவரிகளுக்கே அனுமதியற்ற சான்றிதழ்கள் போயிருந்தது தெரியவந்து, அந்த மையத்தின் சான்றுகள் ரத்தாயின; அரசு நிறுவனத்துக்கே சறுக்கும். அடுத்த ஆண்டு லெனோவோ லேப்டாப்புகளில் கூடவே வந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளின் விவகாரம் இன்னும் பொருத்தம். எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரூட், ஒரே சாவி. அதன் கடவுச்சொல்லோ உள்ளிருந்த மென்பொருளைச் செய்த நிறுவனத்தின் பெயரேதான், கொமோடியா. ஆய்வக உதவியாளர் வேலை மிச்சம் என்று ஒரு கணினியில் உருவாக்கியதை அறுபது கணினிக்கும் நகலெடுத்தால் நாமும் அதையே செய்கிறோம். ஒவ்வொரு கணினியிலும் தனியாக உருவாக்க வேண்டும். கைப்பேசிக்குப் போவது சான்றிதழ் மட்டும், சாவி அல்ல. கிட்ஹப்பில் ஏற்றும் கோப்புறையில் சாவிக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரெக்கார்டு நோட்டில் ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும்.