காலுக்கேற்ற துடுப்பு

திருப்பூருக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். எந்தத் திசையில் புறப்பட்டாலும் அலையோசை காதில் விழப் பல மணி நேரம் பிரயாணம் செய்தாக வேண்டிய ஊர் இது. நீச்சல் என்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் வழிவழியாக அறிந்தது, சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் குதிப்பதுதான். ஆயினும் காலம் மாறிவிட்டது. விடுமுறையில் அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ சென்று, ஸ்கூபா என்னும் சுவாசக் கருவியை முதுகில் பூட்டிக் கடலடியைக் கண்டுவரும் இளைஞரும் யுவதியரும் பனியன் தொழிலால் தழைத்த குடும்பங்களில் இன்று உண்டு. ஒரு முறை இறங்கி ஏறியவர்களுக்கு அடுத்த ஆசை, சொந்தமாக ஒரு ஜோடி கால் துடுப்பு வாங்குவது. "ஏனுங்க வாத்தியாரே, ரப்பர்ச் செருப்புக்கு வால் வெச்ச மாதிரி இருக்குது, இதுக்கு இத்தனை ஆயிரமுங்களா? எதைத்தான் வாங்கிக் குடுக்கறது?" என்று பெற்றோர் நம்மைக் கேட்கின்றனர். வால் முளைத்த செருப்பே ஆயினும், பிள்ளையின் மூச்சு அதைப் பொறுத்திருப்பதால், இவ்வாரம் அதைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

மூச்சுக்கும் காலுக்கும் என்ன உறவு? தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி உடையது. அதனுள் செல்லும் வேகத்தை இரு மடங்காக்க விரும்பினால், அதற்கு வேண்டிய சக்தி ஏறக்குறைய 8 மடங்காகிவிடும். ஸ்கூபாவில் இறங்குபவர் கைகளை வீசி நீந்துவதில்லை; கால்களே அவருக்கு எஞ்சின். கால் மிகையாக உழைத்தால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் உருளையிலுள்ள காற்று விரைவில் தீரும். அன்றியும், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இரு மடங்காதலால், ஒவ்வொரு மூச்சுக்கும் இரு மடங்கு காற்று செலவாகிறது. பொருந்தாத துடுப்பால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சும் இரைக்கத் தொடங்கினால், புதியவர் மனம் கலங்குவார். கடலுக்குள் சுறாவைவிட அஞ்சத்தக்கது அந்தக் கலக்கமே.

காலில் துடுப்புக் கட்டும் யோசனை புதியதன்று. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் சிறு பிராயத்தில் கைகளுக்கு மரப்பலகை செய்து நீந்திப் பார்த்தார். பாதங்களிலும் ஒருவித மிதியடியைப் பூட்டிப் பார்த்தார். ஆனால் மிதியடி அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கொர்லியூ 1933-இல் துடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1940-இல் ஓவன் சர்ச்சில் என்பவர் அமெரிக்காவில் ரப்பர்த் துடுப்புகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இவர்களைவிட நமக்கு நல்ல ஆசிரியர்கள் நம் கடற்கரையிலேயே இருக்கின்றனர். தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக் குளிப்பில், பழைய முறைப்படி மூழ்கியவர்களுக்குத் துடுப்புத் தேவைப்படவில்லை. கனமான கல் அவர்களைக் கீழே சேர்த்தது. படகில் நின்றவர் கயிற்றால் மேலே இழுத்துக்கொண்டார். சங்கு குளிப்பவர் நிலை வேறு. மணற்பரப்பின்மேல் நீந்தி நீந்தித் தேடினால்தான் சங்கு கிடைக்கும். ஆகவே மன்னார் வளைகுடாவில் அலுமினியத் தகட்டை வெட்டிப் பாதத்தில் கட்டிக்கொண்டு மூழ்கும் வழக்கம் ஏற்பட்டது. அவர் விளம்பரத்தைப் பார்த்துத் தகடு வெட்டவில்லை. தம் தொழிலையும் தம் காலையும் பார்த்து வெட்டினார். துடுப்பு வாங்கும் சாஸ்திரம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் பாதம் நுழையும் பகுதியைக் கவனிக்க வேண்டும். குதிகாலையும் சேர்த்து மூடும் வகையை வெறுங்காலில் அணியலாம். கனம் குறைவு, பெரும்பாலும் விலையும் குறைவு. அந்தமானைப்போல் வெதுவெதுப்பான கடலில், படகிலிருந்து நேரே இறங்குபவருக்கு இதுவே போதும். குதிகால் திறந்து, பின்புறம் வாரால் பூட்டும் வகை மற்றொன்று. இதனுள் நியோப்ரீன் காலணி அணிந்துகொள்ள வேண்டும். பாறையும் சிப்பியும் நிறைந்த கரையில் நடந்து இறங்குபவருக்கும், குளிர்ந்த நீருக்குச் செல்பவருக்கும் இது உகந்தது. இதை வாங்குவோர் முதலில் காலணியை வாங்கி, அதை அணிந்துகொண்டே துடுப்பைப் பொருத்திப் பார்ப்பது அவசியம்.

அடுத்தது, நீரைத் தள்ளும் தட்டு. பிளவில்லாத தட்டு, திரும்புவதற்கும், தவளையைப்போல் உதைத்துச் செல்வதற்கும், நீரோட்டத்தை எதிர்ப்பதற்கும் ஏற்றது. நடுவில் பிளந்த தட்டு காலுக்கு இலகுவானது. முழங்கால் நோவு உள்ளவர்கள் பலர் இதை விரும்புவர். ஆனால் நுட்பமான திருப்பங்களுக்கு அவ்வளவு இசைந்து கொடாது. விறைப்பான தட்டு பலமான காலுக்கு வேகம் தரும். பலம் குறைந்த காலுக்கோ வலிதான் தரும். மூச்சடக்கி மூழ்குவோர் அணியும் மிக நீண்ட துடுப்பைக் கண்டு, நீளமானதே சிறந்தது என்று புதியவர் மயங்கலாகாது. நடுத்தர நீளமும் மிதமான வளைவும் உள்ள, பிளவற்ற தட்டே பயில்பவருக்கு நல்லது என்பது நம் அபிப்பிராயம்.

இனி அளவு. உலகத்தார் உடம்புக்கெல்லாம் 80, 85, 90 என்று அளவு வகுத்துப் பனியன் தைத்தனுப்பும் ஊர் நம்முடையது. பனியன் இழுத்தால் நீளும். அரை அளவு தவறினாலும் உடம்பு பொறுத்துக்கொள்ளும். துடுப்பு அவ்விதம் மன்னிக்காது. இறுகினால் பாதம் மரத்துப்போகும். தளர்ந்தால் தோல் உரியும், அலையில் கழன்றும் போகும். அணிந்து உட்கார்ந்து காலை உதறிப் பார்க்கட்டும்: குதிகால் நழுவக்கூடாது, விரல்கள் மடங்கக்கூடாது, பாதத்தின் மேற்புறம் அழுந்தக்கூடாது. அண்ணனுக்கு வாங்கியதைத் தம்பிக்கும் ஆகும் என்று எடுத்து வைக்கும் நம் வீட்டு வழக்கம் இங்கே செல்லாது. அயல்நாட்டு முத்திரையைக் கண்டும் மயங்க வேண்டாம். ஒரே துணியில் எந்தத் தேசத்து முத்திரையைத் தைத்தாலும் துணி மாறுவதில்லை என்பதை நம் ஊராருக்கு யார் சொல்ல வேண்டும்?

துடுப்புக்குரியவரின் கடமையும் ஒன்று உண்டு. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வது. கவனமற்ற ஓர் உதை, ஒரு தலைமுறையின் வளர்ச்சியை நொறுக்கிவிடும். தன் துடுப்பின் நுனி எங்கே இருக்கிறது என்று அறியாதவர் பவளத்தருகே செல்லத் தகுதியற்றவர்.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்வது இது. முதலில் பயிற்சிக்குப் பணம் கொடுங்கள். பயிற்சி நிலையங்களில் இரவலாகவோ வாடகைக்கோ கிடைக்கும் துடுப்புகளில் இரண்டு மூன்று வகைகளை அணிந்து இறங்கிப் பார்க்கட்டும். கரையேறியபின் எந்தத் துடுப்பால் கால் நோகவில்லை, எதில் மூச்சு சீராக இருந்தது, உருளையில் எவ்வளவு காற்று மிஞ்சியது என்று குறித்து வைக்கட்டும். அக்குறிப்பு காட்டும் துடுப்பை, அது கடையில் மிக மலிவானதாயினும், தயங்காமல் வாங்குங்கள்.