அந்தச் சிவப்பு விளக்கு என் கண்ணில்தான் பட்டது!

குக்கர் எத்தனை விசில் விட்டால் பருப்பு வேகும், லேசாக கேஸ் வாடை வந்தால் முதலில் எதை மூட வேண்டும் என்றெல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காரில் ஏறி உட்கார்ந்ததும் மட்டும் 'அது அவர் சமாசாரம்' என்று கையைக் கட்டிக்கொள்கிறோம். போன மாதம் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் கார் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. நான்தான் ஒர்க் ஷாப்புக்கு எடுத்துப் போனேன். "ஓட்டறப்போ பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் மினுக் மினுக்னு எரியுதுங்க" என்றேன். "சாரை வரச் சொல்லுங்கம்மா" என்று முடித்துவிட்டார்கள். மறுநாள் என்னவர் போனார். எதையும் சோதிக்காமலே புது பேட்டரியை மாட்டி அனுப்பிவிட்டார்கள். நான் சொன்ன விளக்கை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த வாரம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்த நேரம். மறுபடியும் அதே சிவப்பு விளக்கு! "என்னங்க, எரியுது பாருங்க" என்றேன். "புது பேட்டரிதானே, நீ சும்மா இரு, வீட்டுக்குப் போய் பாத்துக்கலாம்" என்றார். ஏ.சி.யும் ஓடியது, ஹெட்லைட்டும் எரிந்தது. கீரனூர் தாண்டியதும் ஹெட்லைட் மங்கி, இஞ்சின் நின்றேவிட்டது. இருட்டு ரோடு, பக்கத்தில் உரசுவது போல் பறக்கும் லாரிகள், கண்ணில் கட்டுடன் மாமியார். அந்த முக்கால் மணி நேரத்தை இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

உதவிக்கு நிறுத்திய ஒரு லாரி டிரைவர்தான் விஷயத்தைச் சொன்னார். "பேட்டரி மேல தப்பில்லைம்மா, டைனமோ சார்ஜ் ஏத்தல." அவர் சொன்னது சரிதான். டைனமோவில் கார்பன் தேய்ந்திருந்தது. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை. அதற்குள் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது பேட்டரியும் வாங்கியாகிவிட்டது! "அவ சொன்னப்பவே நிறுத்தியிருக்கலாம்ல" என்று மாமியார் தன் மகனைக் கேட்டதுதான் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

அதன் பிறகு காரோடு கொடுத்த கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஒன்றும் பெரிய வித்தையில்லை தோழிகளே! சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் எரிய வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். மஞ்சள் என்றால் 'சீக்கிரம் கவனி', சிவப்பு என்றால் 'உடனே கவனி'.

எண்ணெய்க் கிண்டி போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால், இஞ்சினுக்குள் ஆயில் சரியாக ஓடவில்லை என்று அர்த்தம். ஓரம் கட்டி உடனே இஞ்சினை அணைத்துவிட வேண்டும். தெர்மாமீட்டர் படம் சிவப்பாக எரிந்தால் சூடு ஏறிவிட்டது. நிறுத்தி ஆறவிடுங்கள். ஆறும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி தெரிந்தால் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். அதை எடுத்த பிறகும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால், சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். ஏ.சி., ரேடியோ, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இஞ்சினை நிறுத்தாமல் பக்கத்து மெக்கானிக்கிடம் போய்விடலாம். ஆனால் சூட்டு முள் ஏறினாலோ, ஸ்டியரிங் திடீரெனக் கனத்தாலோ பெல்ட் அறுந்திருக்கும். அப்போது நின்றுவிடுவதே நல்லது. தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033-க்குப் போன் செய்யலாம். இந்த எண் தெரியாமல்தான் அன்று தவித்தோம்.

பேட்டரி பராமரிப்பும் நம் கைக்கு அடங்கிய வேலைதான். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒயரைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, ஈரம் காய்ந்ததும் ஒயரை மாட்டி, மேலே வாசலின் தடவலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். அதற்கு முன் வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள். உலோக வளையல் இரண்டு முனையிலும் பட்டால் தீப்பொறி பறந்து கை வெந்துவிடும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் ஆகாது. பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும். ஆயுத பூஜை அன்று பானெட்டைத் திறந்து கற்பூரம் காட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்! வண்டியை எடுக்காமலே வைத்திருந்தால், வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதாது.

முக்கியமாக ஒன்று. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் புது பேட்டரிக்குத் தலையாட்டாதீர்கள். "முதல்ல சார்ஜிங் செக் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். வண்டி ஓடும்போது மீட்டரில் கிட்டத்தட்ட 14 வோல்ட் காட்ட வேண்டும். நின்று ஆறிய வண்டியில், நன்றாக சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இந்த இரண்டு எண்ணும் தெரிந்துவிட்டால், "சாரை வரச் சொல்லுங்க" என்று யாரும் நம்மைத் திருப்பி அனுப்ப முடியாது.

டிரைவிங் ஸ்கூல்காரர்களும் கியர் போடச் சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், இந்த விளக்குகளையும் சொல்லிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். கார் ஓட்டத் தெரியாத பெண்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் பார்வை ரோட்டில் இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம் கண்ணில்தானே அந்த விளக்கு முதலில் படுகிறது?

இப்போதெல்லாம் என்னவர் சாவியைத் திருப்பியதும் என் பக்கம் திரும்பி, "எல்லாம் அணைஞ்சிடுச்சா, பாரு" என்கிறார்!

- ஒரு வாசகி, புதுக்கோட்டை.